ஓடுகிற கடை என்று சொல்லி விற்றார்கள்: தொழில் மோசடி, தவறான எடுத்துரைப்பு பற்றிய ஓர் எளிய விளக்கம்

கோயம்புத்தூரில் ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பேக்கரி என்று கேள்விப்பட்டு ஒரு கடையை 18 லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் விற்பனை நடப்பதாக விற்றவர் சொன்னார். அதற்கு ஆதாரமாக ஒரு கணக்கு நோட்டையும் காட்டினார். அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ், குட்வில் எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசி, ஒப்பந்தமும் எழுதியாயிற்று. கடையை ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகுதான், விற்பனை இரண்டரை லட்சத்தைத் தாண்டுவதே இல்லை என்பதும், வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் தங்கியிருந்த எதிர்ப்புறக் கல்லூரி விடுதி காலி செய்யப்படவிருந்ததை விற்றவர் முன்பே அறிந்திருந்தார் என்பதும் வாங்கியவருக்குத் தெரியவருகின்றன.

இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ‘420 கேஸ் போட வேண்டும்’ என்பதுதான். கோபம் நியாயமானது. ஆனால் எவ்வளவு பெரிய துரோகம் நடந்தது என்பதைச் சட்டம் முதலில் கேட்பதில்லை. சொல்லப்பட்டது சரியாக என்ன, அதைச் சொன்ன நாளில் சொன்னவர் என்ன அறிந்திருந்தார், அந்தச் சொல்லை நம்பித்தான் கையெழுத்து போடப்பட்டதா, உண்மை தெரிந்த பிறகு ஏமாந்தவர் என்ன செய்தார் என்னும் நான்கு கேள்விகளையே அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை தோற்பதும் வெல்வதும் இந்த நான்கிற்கும் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தே அமைகின்றன.

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 17ஆம் பிரிவு மோசடியையும், 18ஆம் பிரிவு தவறான எடுத்துரைப்பையும் வரையறுக்கின்றன. உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றை உண்மை போலச் சொல்வது, அறிந்த ஒன்றை முனைந்து மறைப்பது, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பது ஆகியவை மோசடியின் முக்கிய வடிவங்கள். தவறான எடுத்துரைப்பில் ஏமாற்றும் எண்ணம் இருப்பதில்லை. தன்னிடமுள்ள தகவல் இடங்கொடுக்காத அளவுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுவதோ, தானும் நம்பி, பிறரையும் பிழையாக நம்ப வைத்துவிடுவதோ அதில் அடங்கும். பேக்கரிக்காரர் தன் கையால் பொய்க் கணக்கு எழுதியிருந்தால் அது மோசடி. கடையைக் கவனித்துவந்த மேலாளர் கொடுத்த பொய்க் கணக்கை அவரும் நம்பி அப்படியே சொல்லியிருந்தால், அது பெரும்பாலும் தவறான எடுத்துரைப்பாகவே கொள்ளப்படும்.

இந்த வேறுபாட்டிற்கு 1889இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கை உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். பிளைமவுத் நகரில் டிராம் ஓட்டிய ஒரு நிறுவனம், நீராவி இயந்திரங்களைப் பயன்படுத்தத் தனக்கு உரிமை உண்டு என்று பங்கு விற்பனை அறிக்கையில் அறிவித்தது. உண்மையில் அந்த உரிமைக்கு அரசு வர்த்தக வாரியத்தின் இசைவு தேவைப்பட்டது. இசைவு கிடைத்துவிடும் என்று இயக்குநர்கள் நம்பியிருந்தார்கள். அது கிடைக்கவில்லை, நிறுவனம் மூழ்கியது, பங்கு வாங்கியவர் வழக்குத் தொடுத்தார். இயக்குநர்கள் தாம் சொன்னதை நேர்மையாகவே நம்பியிருந்ததால் அது மோசடியாகாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கவனக்குறைவு வேறு, மோசடி வேறு என்பது அன்று உறுதியாயிற்று. பொய்யோ மெய்யோ எனக்குக் கவலையில்லை என்னும் அலட்சியத்தோடு ஒன்றைச் சொல்வது மோசடிதான் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லிவைத்தது.

எல்லாப் பேச்சும் எடுத்துரைப்பு ஆகிவிடாது. ‘இந்த ஏரியாவிலேயே நம்பர் ஒன் கடை’ என்பதும், ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்பதும் வியாபாரப் பேச்சு. எந்த நீதிமன்றமும் அதற்காக யாரையும் பொறுப்பாக்குவதில்லை. ‘சென்ற ஆண்டு ஒவ்வொரு மாதமும் ஆறு லட்சத்துக்குக் குறையாமல் விற்றது’ என்பது நடந்த ஒன்றைப் பற்றிய கூற்று; அதைச் சோதித்துப் பார்க்க முடியும், பொய் என்று நிறுவவும் முடியும். வழக்கறிஞரிடம் போகும் முன் நமக்குச் சொல்லப்பட்டவற்றை இந்த இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

இனி, விடுதி காலியாகப் போவதைச் சொல்லாமல் இருந்தது மோசடியா என்னும் கேள்வி. இங்கே சட்டம் பலரும் எதிர்பார்ப்பதைவிடக் கடுமையானது: வெறும் மௌனம் மோசடியாகாது. 17ஆம் பிரிவின் கீழ் கொடுக்கப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகள் இன்றும் படிக்கத்தக்கவை. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒன்றும் பேசாமல் ஏலத்தில் விற்பவர் மோசடி செய்தவர் ஆகமாட்டார். வாங்குபவள் அப்போதுதான் உரிய வயதை எட்டிய அவருடைய சொந்த மகளாக இருந்தால், அந்த உறவின் காரணமாகவே குறையைச் சொல்லும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் கேட்டு, விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆனால் இரு வியாபாரிகளுக்கு இடையே, விலை மாறப்போகிறது என்னும் தனித்தகவல் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அதை மற்றவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் பேக்கரி வழக்கில் விடுதி பற்றிய மௌனம் கடைசி எடுத்துக்காட்டின் பக்கமே சாய்கிறது. ‘இந்த வியாபாரம் குறைய ஏதாவது காரணம் இருக்கிறதா?’ என்று வாங்கியவர் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கேட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று பதில் வந்திருந்தால் நிலைமை தலைகீழாக மாறியிருக்கும். தொழில் வாங்குகிறவர்கள் கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். எழுதிக் கேட்ட கேள்வி, மௌனத்தைப் பொய்யாக மாற்றும் வல்லமை உடையது.

அடுத்து வருகிற 19ஆம் பிரிவுதான், என் கருத்தில், இந்த முழு விஷயத்தின் மையம். மோசடியாலோ தவறான எடுத்துரைப்பாலோ பெறப்பட்ட சம்மதத்தின் மேல் எழுந்த ஒப்பந்தம் தானாகவே செல்லாததாகிவிடுவதில்லை. ஏமாந்தவர் விரும்பினால் அதை ரத்து செய்யலாம், விரும்பினால் அதைத் தக்கவைத்துக்கொண்டு, சொல்லப்பட்டது உண்மையாக இருந்திருந்தால் தனக்கு என்ன நிலை கிடைத்திருக்குமோ அந்த நிலையைக் கோரலாம். வில்லங்கம் இல்லை என்று பொய் சொல்லி, அடமானத்தில் இருக்கும் சொத்தை ஒருவர் விற்றால், வாங்கியவர் விற்பனையை விட்டு விலகலாம். அல்லது விற்பனை நிற்கட்டும், அடமானத்தை மீட்டுக் கொடு என்று வலியுறுத்தலாம். இந்த எடுத்துக்காட்டும் சட்டத்திலேயே இருக்கிறது.

அதே பிரிவில் அவுரியிலிருந்து நீலம் காய்ச்சும் தொழிற்சாலை ஒன்று வருகிறது. நம் பேக்கரிக்கு அதுவே நேர் மூதாதை. ஆண்டுக்கு 500 மணங்கு (பழைய எடை அளவு) நீலம் உற்பத்தியாகிறது என்று ஏமாற்றும் நோக்கத்துடன் பொய் சொல்லி ஒருவர் தொழிற்சாலையை விற்றால், வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் வாங்குபவர் தொழிற்சாலையின் கணக்குகளைப் பார்த்து, அதில் 400 மணங்கு மட்டுமே தயாரானதாக இருப்பதைக் கண்ட பிறகும் வாங்கினால், அவருக்கு அந்த உரிமை கிடையாது. உண்மை அவர் கண்முன் இருந்தது. அவர் வாங்கியது பொய்யை நம்பி அல்ல.

கணக்கைப் பார்க்காமலே வாங்கியவரின் நிலை என்ன? இங்கேதான் மோசடிக்கும் தவறான எடுத்துரைப்பிற்கும் உள்ள வேறுபாடு பணமாக மாறுகிறது. சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி இருந்தும் ஒருவர் அதைச் செய்யவில்லை என்றால், தவறான எடுத்துரைப்பைக் காரணம் காட்டியோ, மோசடியான மௌனத்தைக் காரணம் காட்டியோ அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19ஆம் பிரிவின் விதிவிலக்கு சொல்கிறது. தெரிந்தே சொன்ன நேரடிப் பொய்க்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. ‘நீ விசாரித்திருக்கலாமே’ என்று பொய் சொன்னவர் தப்பிக்க முடியாது. ஆகவே எதிர்த்தரப்பு பெரும்பாலும், ‘எனக்கும் தெரியாது, அவரும் பார்க்கவில்லை’ என்னும் இரட்டைப் பதிலோடுதான் வரும்.

சாதாரண முயற்சி என்பது பெரிய தணிக்கை அல்ல. ஒரு பேக்கரியின் உண்மையான விற்பனை அதன் கணக்கு நோட்டைவிட மைதா, சர்க்கரை, பால் கொள்முதல் பில்களிலும், கேஸ் சிலிண்டர் ரசீதுகளிலும், மின் கட்டணத்திலும், க்யூஆர் கோடு வழியாக வங்கிக்கு வந்த பணத்தின் பட்டியலிலும்தான் தெரியும். மாதம் ஆறு லட்சத்துக்கு விற்கும் கடை, அதில் பாதி விற்பனைக்குப் போதாத மைதா வாங்கியிருந்தால் நோட்டு பேசுவது பொய். ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு பதிவு நடப்பில் இருக்கிறதா, கணக்குகள் தாக்கலாகின்றனவா என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நிறுவனமாக இருந்தால் அதன் இயக்குநர்கள் யார், சொத்துகள் மேல் கடன் பொறுப்பு பதிவாகியிருக்கிறதா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும், நிலமும் சேர்ந்த விற்பனை என்றால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்திலும் பார்த்துவிடலாம்.

உண்மை தெரிந்த நாளிலிருந்து ஏமாந்தவர் நடந்துகொள்ளும் விதம், நடந்த மோசடிக்கு இணையான எடையைப் பெறுகிறது. ஆறு மாதம் கடையை நடத்திப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் வழக்குப் போடுவோம் என்று இருப்பது மிக ஆபத்தானது. தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தின்படி மீதித் தவணையைக் கட்டுவதும், பெயர்ப்பலகையை மாற்றிப் புதுப்பிப்பதும் அதை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகக் கொள்ளப்படலாம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒப்பந்தத்தைப் பின்னர் ஏற்றுக்கொண்டவருக்கும், இரு தரப்பையும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாதபடி நிலைமை மாறிவிட்டவருக்கும், இடையில் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்த மூன்றாமவர் உரிமை பெற்றுவிட்ட இடத்திலும், ரத்து என்னும் தீர்வை நீதிமன்றம் மறுக்கலாம் என்கிறது. ரத்து கேட்பவர் தான் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்: பணம் திரும்ப வேண்டுமானால் கடைச் சாவியும் திரும்ப வேண்டும். பணமா, கடையை வைத்துக்கொண்டு நஷ்டஈடா என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்வது அதனால்தான் அவசியமாகிறது.

காலவரையறை மூன்று ஆண்டுகள். ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையைத் தரும் உண்மைகள் முதலில் தெரியவந்த நாளிலிருந்து இது கணக்கிடப்படுகிறது. மோசடி மறைக்கப்பட்டிருந்தால், அது கண்டுபிடிக்கப்பட்ட நாளோ, நியாயமான முயற்சியால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளோதான் தொடக்கம் என்று காலவரையறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ‘கண்டுபிடித்திருக்கக்கூடிய’ என்னும் சொற்கள் பலரை வீழ்த்தியிருக்கின்றன.

இனி வழக்கறிஞரிடம் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதைப் பார்ப்போம். மோசடி என்று வழக்குத் தொடுப்பவர் அதன் விவரங்களைத் தேதியோடும் பொருளோடும் மனுவிலேயே எழுத வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் கட்டளை, 4ஆம் விதி கட்டாயப்படுத்துகிறது. எவ்வளவு காரமான சொற்களில் எழுதினாலும் பொதுப்படையான குற்றச்சாட்டு மோசடிக் குற்றச்சாட்டு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1951லேயே சொல்லிவிட்டது. ஆகவே முதல் சந்திப்புக்கு மிகவும் பயன்படுவது, எந்தத் தேதியில், எங்கே, யார் முன்னிலையில், யார் என்ன சொன்னார், எவ்வளவு பணம் எந்த வழியில் போனது என்று தேதி வரிசையில் எழுதிய ஒரு தாள். கூடவே ஒப்பந்தத்தின் அசல், வங்கிக் கணக்கு அறிக்கை, காட்டப்பட்ட கணக்கின் நகல், விளம்பரத்தின் படம் ஆகியவையும் வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலையும் குரல் பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடக் கூடாது. அவை இருக்கும் போனையும் மாற்றக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தின் பிரதியைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் தேவை. அதில் தரப்பினரும் ஒரு நிபுணரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டியிருக்கிறது. ‘இந்தப் பத்திரத்தில் எழுதாத வாய்மொழி எதுவும் செல்லாது’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதைக் கண்டு பலர் மனம் தளர்கிறார்கள். பத்திரத்தையே பயனற்றதாக்கும் மோசடியை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியத்தைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதால், அந்த வரி இருக்கிறது என்பதற்காக வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.

வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு வழக்கு எங்கே போகிறது என்பது ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்தது. ஃபிரான்சைஸ், விநியோகம், கூட்டாண்மை, சரக்கு விற்பனை போன்ற வணிகத் தகராறுகள், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புடையனவாக இருந்தால், 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்குகளில் முதலில் சமரச முயற்சி செய்தாக வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிப்படுத்தியது. பணம் கோரும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் முன்பு 7.5 சதவீதமாக இருந்து, 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 18 லட்சத்துக்கு 54,000 ரூபாய். தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவரே தீர்ப்பார் என்னும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், மோசடி என்று சொல்வதாலேயே அதைத் தாண்டி நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. திருநெல்வேலியில் ஓர் ஓட்டலைக் கூட்டாக நடத்திய குடும்பத்தாரின் தகராறில், அத்தகைய எளிய மோசடிக் குற்றச்சாட்டுகளை நடுவரே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

காவல் நிலையத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவாகியிருக்கிறது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் ஏமாற்றும் எண்ணம் பேரம் பேசிய தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கி, பிறகு பணம் கொடுக்க முடியாமல் போனவர் ஒப்பந்தத்தை மீறியவர், குற்றவாளி அல்லர். பணத்தை வசூலிக்கும் கருவியாகக் குற்றவழக்கைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கண்டித்திருக்கிறது. வணிகத் தகராறுகளில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தவும் 2013இல் அது இடம் கொடுத்தது. ஆகவே மனு கொடுத்தவுடன், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கிடைத்தால் அது புறக்கணிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றுபோனால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

போலி ஆவணம், ஒரே கடையைப் பலருக்கு விற்றது, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தது போன்றவற்றில் மட்டும் காவல்துறைக்கு முதலில் போவதே சரி. இணையவழி பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிடும். வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் டெபாசிட் வாங்கிய நிறுவனங்கள் தனி வகை. அவற்றுக்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், பொருளாதாரக் குற்றப்பிரிவும், சொத்துகளை முடக்கி விற்றுப் பங்கிடும் சிறப்பு நீதிமன்றங்களும் உண்டு. சமாதானமாக எதிர்த்தரப்பு கொடுத்த காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மோசடி வழக்கைவிடக் காசோலை வழக்கை நிரூபிப்பது மிக எளிது.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசியில் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஒரு கடை வைத்திருந்ததாலேயே ஒரு பெண் இந்த உதவிக்குத் தகுதி இழப்பதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது இந்திய வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டது. ‘முப்பது பர்சன்ட் கொடுங்கள், பணத்தை எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், அவர் வழக்கறிஞராக இருந்தால் விதியை மீறுகிறார். வழக்கறிஞர் இல்லையென்றால் இரண்டாவது முறை ஏமாறும் வாய்ப்பே அதிகம்.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, எதிர்த்தரப்பின் பெயரில் என்ன இருக்கிறது என்பது. தீர்ப்பைப் பயனற்றதாக்கும் நோக்கத்தோடு அவர் சொத்தை விற்கவோ மறைக்கவோ முயல்கிறார் என்று ஆதாரத்தோடு காட்டினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் கட்டளை, 5ஆம் விதியின்படி தீர்ப்புக்கு முன்பே அந்தச் சொத்தை நீதிமன்றம் ஜப்தி செய்யலாம். வெறும் சந்தேகம் போதாது. விற்பனை விளம்பரமோ, சமீபத்திய வில்லங்கச் சான்றில் தெரியும் பத்திரப் பதிவோ வேண்டும். சொத்து எதுவும் பிடிபடாவிட்டாலும், பணத் தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் அவர் பெயருக்கு வரும் நிலமோ வங்கி இருப்போ அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதே.